நனைந்ததைக் கழுவுவது

“நனைஞ்சதை எதுக்குப்பா திரும்பவும் நனைக்கிறீங்க?”

வசந்தகுமார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. படகிலிருந்து கழன்று கடலில் விழுந்த இன்ஜினை முக்குளித்துத் தூக்கி வந்து மணலில் கிடத்தியிருந்தார்கள். படகுக்காரர் அதை வெயிலில் காயவைக்கச் சொன்னார். இன்ஜின் வேலை பார்க்கும் அப்பா காயாரோகணமோ அதன் தலையில் குடம் குடமாக நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு போல்ட்டைக் கவ்வியிருந்தார். இன்னொரு குடம் கொண்டு வா என்று கையை மட்டும் காட்டினார்.

பதில் பின்னாளில் அவனுக்குத் தானாகவே விளங்கியது. வெயிலில் வைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. அது உள்ளேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பைத் தின்னும்.

வசந்தகுமார் கடலுக்குப் போகவில்லை, இன்ஜின் வேலைக்கும் போகவில்லை. நாகூரில் தன் வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டர் சரிசெய்யும் கடை வைத்திருந்தான். தர்காவில் கந்தூரி விழா முடிந்த வாரம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சித்தீக் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பாலித்தீன் உறை சுற்றிய கம்ப்யூட்டர் கேபினட்.

சித்தீக் துபாயிலிருந்து திரும்பி, அங்கே சம்பாதித்ததைப் போட்டு, வீட்டின் கீழ்த்தளத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவர். பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், பயிர்க் காப்பீடு எல்லாம் அங்கே பதிந்து தருவார்கள். மாடியில் அவரும் அவருடைய தாயார் சைத்தூன் பீவியும் இருந்தார்கள்.

“திறந்து பாரு வசந்தா. கம்ப்யூட்டரா, அரிசி மூட்டையான்னு நீயே சொல்லு.”

பக்கத் தகட்டைக் கழற்றியதும் பச்சரிசி சரசரவென்று மேசைமேல் கொட்டியது. வசந்தகுமாருக்குச் சிரிப்பு வந்தது. சித்தீக்கின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவரை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

“என்ன நானா இது? பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கே.”

“கிண்டல் பண்ணாதே. நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடையில வேலை பார்க்குதே அந்த ஜெயபாரதி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு பக்கத்துத் தையக் கடைக்குச் சாப்பிடப் போயிருக்கு. போறதுக்கு முன்னாடி டீயை மெஷின்மேல கொட்டிருக்கு. வந்து பார்த்துட்டு வாயத் திறக்கல. மளிகைக் கடையில அரிசி வாங்கி உள்ள கொட்டி மூடி வெச்சிட்டு, ‘கரண்டு சரியில்ல சார்’ங்குது. நான் பட்டனை அமுக்கினா உசுரு இல்ல; தூக்கினா உள்ள அரிசி உருளுது, அடியில டீக்கறை.”

“பயந்திருக்கும்.”

“கொட்டினதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா. மனுஷன் கை, தவறும். மறைச்சுது பாரு, அதைத்தான் என்னால பொறுக்க முடியல. கள்ளத்தனம் உள்ள ஆளு என் கடையில வேணாம்னு சொல்லிட்டேன். ஜனங்க இருக்கும்போதேதான் சொன்னேன். திங்கக்கிழமையிலேருந்து வேற ஒரு பொண்ணு வருது. அதுக்குள்ள நீ இதுக்கு உசுரு குடு.”

அவர் போன பிறகு வசந்தகுமார் வேலையைத் தொடங்கினான். வயர்களைப் பிடுங்கினான். போர்டில் இருந்த சின்ன பேட்டரியை முதலில் எடுத்தான். ஈரமான மெஷினுக்கு மின்சாரம்தான் எமன். அது துளியளவும் மிச்சமிருக்கக் கூடாது. ஹார்டு டிஸ்க்கைத் தனியே எடுத்து, ஈரம் படவில்லை என்று பார்த்து வைத்தான். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காமலே ஓரத்தில் ஒதுக்கினான். பிறகு டார்ச் அடித்துப் போர்டைப் பார்த்தான்.

அரிசி ஊறி உப்பி, மாவு கரைந்து, போர்டு முழுக்க இட்லி மாவு பூசியது போலிருந்தது. ஆனால் அவன் புருவத்தைச் சுருக்கியது அதுவல்ல. டீ கொட்டிய மெஷின்களை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான். பழுப்புக் கறை இருக்கும், பால் புளித்த வாடை அடிக்கும். இதில் இரண்டும் இல்லை. பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. அதற்குள் எறும்பு வந்துவிட்டது. டீக்கறை கேபினட்டின் வெளிப்பக்கம், அடித்தகட்டில்தான் இருந்தது. ஈரம் மேலேயுள்ள காற்றுத் துளைகள் வழியாக இறங்கியிருந்தது. மேசையில் சாய்ந்த டம்ளர் கேபினட்டின் தலைமேல் ஏறிக் கொட்ட முடியாது.

இடுக்கியால் விசிறியைத் தூக்கினான். அதன் கீழே, தகடுகளுக்கு இடையில், ஒரு ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

வசந்தகுமார் அதை இடுக்கியால் மெல்லப் பிரித்தெடுத்தான்.

நாகூரில் பிறந்த யாருக்கும் அது புரியும். தர்காவில் ஓதிக் கொடுக்கும் சீனி, ரோஜா இதழோடுதான் பொட்டலத்தில் வரும். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்கள்; புது வீட்டின் மூலைகளில் தெளிப்பார்கள். அவன் அம்மா எல்லையம்மாளே மாரியம்மன் விபூதியோடு ஒரு பாட்டில் ஓதின தண்ணீரையும் மாடத்தில் வைத்திருப்பாள். சித்தீக்கின் கடைக்கு எதிரே போன மாதம் புதிதாக ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். கூட்டம் அங்கே போய்விட்டது. கடையில் பரக்கத்து உண்டாகட்டும், வியாபாரம் பெருகட்டும் என்று யார் தெளித்திருப்பார்கள் என்பதை அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முன்பொரு நாள் அவன் அந்தக் கடையில் பிரிண்டர் சரிசெய்துகொண்டிருந்தபோது, சைத்தூன் பீவி கையில் சின்ன செம்போடு படியிறங்கி வந்தார். சித்தீக் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார்: “உம்மா, இது கரண்டு ஓடுற இடம்! தெளிக்கிற வேலையெல்லாம் மாடியோட வெச்சுக்கங்க. இனி கீழ கொண்டு வராதீங்க.” அந்த அம்மா செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அந்த முதுகு அவனுக்கு இன்னும் நினைவிருந்தது.

ஆக, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இறங்கியிருக்கிறார். தெளித்த கை மெஷினின் தலையில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருக்கிறது. திரை அணைந்ததும் பதறித் திரும்பியதில் டம்ளர் சாய்ந்திருக்கிறது. பழி, சாய்ந்த டம்ளருக்குச் சொந்தக்காரியின்மேல் விழுந்துவிட்டது.

கைப்பேசி அடித்தது. ஜெயபாரதி.

“அண்ணே, சாரு மெஷினை உங்ககிட்டதான் கொண்டாந்தாராமே. பொழைச்சுக்குமா?”

“பார்ப்போம். நீ எதுக்கும்மா அரிசியைக் கொட்டினே?”

“தம்பி செல்லு வாய்க்கால்ல விழுந்தப்ப அரிசிப் பானையிலதாண்ணே போட்டு வெச்சோம். மறுநாள் பாட்டே பாடுச்சு.”

“செல்லைப் பானைக்குள்ள போட்டீங்க, சரி. நீ பானையையே தூக்கிச் செல்லுக்குள்ள போட்டுட்டியே!”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. “நான் டீயை ஓரமாத்தாண்ணே வெச்சேன். எப்படிச் சாஞ்சுதுன்னே தெரியல. ஆனா என் டம்ளருதானே. கரண்டு சரியில்லன்னு சொன்னது பொய்தான். அது தப்புதான். அதுக்காக அத்தனை பேரு முன்னாடி கள்ளத்தனம்னு சொல்லிட்டாருண்ணே. எங்க ஊரு ஆளு ரெண்டு பேரு காப்பீடு பதிய வந்து நின்னாங்க. நான் பஸ்ஸைவிட்டு இறங்கறதுக்குள்ள அந்தப் பேச்சு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. அப்பா ஒண்ணுமே கேக்கல. கேட்டாக்கூடப் பரவால்ல.”

அவளுடைய ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். அவள் அப்பா குத்தகை நிலத்தில் நட்ட சம்பா தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. இந்த வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இனி இந்தப் பேச்சோடு எந்தக் கடையில் போய் வேலை கேட்பாள்?

“மனசை விடாதே. காயட்டும், சொல்றேன்” என்றான்.

உண்மை அவன் கையில் இருந்தது. ஒரு ரோஜா இதழ் அளவு. அதை சித்தீக்கிடம் நீட்டினால் ஜெயபாரதி தப்பித்துவிடுவாள். ஆனால் அதை அவனால் அவ்வளவு சுலபமாக நீட்ட முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவன் சிறுவனாக இருந்தபோது, தெருத்தெருவாக மீன் விற்ற அம்மா கால் முறிந்து படுத்துவிட்டாள். அந்த வருஷம் ஆடி மாதத்தில் ரமலான் வந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக, சைத்தூன் பீவி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி தவறாமல் வந்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, தெருவே மீனும் கறியும் தொடாமல் இருந்த நாட்களிலும் வந்தது. அம்மா தயங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தால் கஞ்சியில் கறி இல்லை. ஒருநாள் அவன் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சீக்கிரமே போய்விட்டான். அடுப்படியில் பெரிய அண்டா ஒன்று கொதித்தது. பக்கத்தில், தனி அடுப்பில், தனிக் கரண்டியோடு, ஒரு சின்னச் சட்டி. அவன் பார்த்ததை சைத்தூன் பீவி பார்க்கவில்லை. உங்களுக்காகத் தனியே காய்ச்சினேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பின்பு ஒருநாளும் சொன்னதில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதவர்கள் கையில் கடவுள் விருப்பத்தோடு தங்குகிறார் என்று அவன் அம்மா சொல்வாள்.

அந்தக் கையை அவன் எப்படிக் காட்டிக் கொடுப்பான்? காட்டிக் கொடுக்காமல் இன்னொரு வீட்டு அடுப்பு அணைவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்?

மனம் குழம்பிய நேரங்களில் கை வேலையைச் செய்துவிடுவது நல்லது. அவன் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து, பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றினான். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், இதில் இருக்காது. போர்டை அதில் தாழ்த்தி, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மாவையும் சீனியையும் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். அந்த முதல் தண்ணீர் கஞ்சித்தெளிவு போலக் கலங்கியது. வழக்கமாக அதை வாசல் சாக்கடையில் வீசிவிடுவான். இன்று வீச முடியவில்லை. தொட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கழுவினான். கடைசியாக, போர்டு கழுவும் ஸ்பிரிட்டை ஊற்றி அலசினான். அது இடுக்கில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

காயவைப்பதுதான் பாடு. மழைக்காலம், போதாததற்குக் கடற்காற்று. பழைய மர அலமாரி ஒன்றில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அந்த இளஞ்சூட்டில் போர்டை நிறுத்தினான். அவசரப்பட்டுச் சூடுகாற்று அடித்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். நெல் காயப்போடுகிறவர்களுக்கும் இது தெரியும். ரோஜா இதழையும் கழுவி, ஒரு தாளில் வைத்து, அலமாரியின் மூலையில் காயவிட்டான்.

ஞாயிறு மதியம் சித்தீக் வேலையாக நாகப்பட்டினம் போயிருந்த நேரத்தில், அவன் மாடி ஏறினான்.

“வா வாப்பா வசந்தா. அம்மா எப்படியிருக்கு? முழங்கால் வலி தேவலையா?” என்றார் சைத்தூன் பீவி. தேநீர் போட எழுந்தார்.

“உக்காருங்கம்மா. ஒண்ணும் வேணாம்.”

அவன் தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தான். காய்ந்து சுருங்கிய இதழ். அவர் அதைப் பார்த்தார். உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலையை மடியில் வைத்தார்.

“அவன்கிட்ட காட்டிட்டியா?”

“இல்லம்மா. காட்டவும் மாட்டேன்.”

“கூட்டமெல்லாம் எதுத்த கடைக்குப் போகுது. புள்ளைக்கு ராத்தூக்கம் இல்ல. ஒரு கை தண்ணி தெளிச்சா நல்லதுதானேன்னு… நான் எந்தக் கெடுதலும் நினைக்கலப்பா.”

“எனக்குத் தெரியும்மா.”

“அவன் அந்தப் புள்ளையைச் சத்தம் போட்டது மேல வரைக்கும் கேட்டுச்சு. இறங்கி வரணும்னு எந்திரிச்சேன். காலு வரல. அன்னிக்குச் செம்போட வந்தப்ப எல்லாரு முன்னாடியும் எப்படிக் கத்துனான், நீதான் பார்த்தியே.” அவர் இதழைத் தாளோடு மடித்தார். “ரெண்டு நாளா தொழுகையில நிக்கிறேன், ஓதறது மனசுல நிக்க மாட்டேங்குது.”

வசந்தகுமாருக்கு அந்த நேரத்தில் அப்பா குடம் குடமாக ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஆனால் அதையெல்லாம் அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்ல அவன் யார்?

“சாயங்காலம் மெஷினைக் கொண்டாருவேன்மா. உள்ள போனது டீ இல்லன்னு சொல்லிடுவேன். அதைச் சொல்லாம இருக்க முடியாது. அந்தப் பொண்ணு வீட்டுல…”

“பின்ன என்னன்னு கேப்பானே.”

“கேப்பாரு.”

“என்ன சொல்லுவே?”

“தெரியலம்மா” என்றான். அது உண்மை.

சாயங்காலம் சித்தீக்கின் கடையில் மெஷினைப் பொருத்தினான். பழைய பவர் சப்ளையை நம்பாமல் வேறொன்று போட்டிருந்தான். தன் கடையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தாலும், வயர்களை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டே பட்டனை அமுக்கினான். விசிறி சுற்றியது. கொஞ்சம் தயங்கி, ஒரு ‘பீப்’. திரையில் வெளிச்சம் வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” சித்தீக் அவன் முதுகில் தட்டினார். “நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்டா.”

“நானா, ஒண்ணு சொல்லணும். இதுக்குள்ள போனது டீ இல்ல.”

“என்ன?”

“டீயா இருந்தா பால் வாடை அடிக்கும். அடிக்கல. மேலேயிருந்து இறங்கியிருக்கு, மேசையிலேருந்து இல்ல. அரிசி போட்டது அந்தப் பொண்ணுதான். தன் டம்ளரு சாஞ்சு கிடக்கவும் தன் தப்புன்னு நினைச்சுப் பயந்து போட்டிருக்கு. கொட்டினது அது இல்ல.”

சித்தீக் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப என்ன, மழையா? மாடி வழியா கசியுதா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் தப்பித்துவிடலாம். அந்தச் சொல் அவன் நாக்கின் நுனிவரை வந்தது. அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். சுண்ணாம்பு வெள்ளையாக, ஈரக்கறை ஒன்றுகூட இல்லாமல் இருந்தது.

“கேக்கறேன்ல?”

“மழை இல்லப்பா. நான்.”

படியில் சைத்தூன் பீவி நின்றிருந்தார். கையில் அதே சின்ன செம்பு. அதைக் கொண்டுவந்து மகனின் மேசைமேல் வைத்தார்.

“ஓதின சீனியைக் கரைச்சு நான்தான் தெளிச்சேன். டம்ளரைச் சாய்ச்சதும் என் கைதான். கள்ளத்தனம் யாருக்குன்னு இப்பச் சொல்லு.”

சித்தீக்கின் முகம் சிவந்தது. “எத்தனை தடவை சொன்னேன் உம்மா…” என்று எழுந்தவர், தாய் இந்த முறை செம்பை முந்தானையால் மூடாமல் நிற்பதைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“என்னை அப்புறம் திட்டு. நிறையத் திட்டு. முதல்ல அந்தப் புள்ளைக்குப் போனைப் போடு.”

ஸ்பீக்கரில் ஜெயபாரதியின் குரல் வந்தது. சைத்தூன் பீவி எதையும் மறைக்காமல், எதையும் குறைக்காமல் சொன்னார். “என் வாய் அடைச்சிருந்ததால உன் பேரு கெட்டுச்சும்மா. மன்னிச்சுக்க” என்றார்.

“மெஷின் ஓடுதாம்மா?” என்றாள் அந்தப் பெண்.

“ஓடுது, ஓடுது.”

சித்தீக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். “ஜெயபாரதி, நாளைக்கு வந்துடும்மா. அந்தப் புதுப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்.”

அந்த ‘சார்’ கொஞ்சம் தள்ளி நின்றது. சித்தீக்கிற்கு அது உறைத்தது. கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “அப்பாகிட்டயே குடும்மா, நானே பேசுறேன்” என்றார். அந்த விவசாயியிடம் அவர் என்ன பேசினார் என்பதைக் கேட்க வசந்தகுமார் அங்கே நிற்கவில்லை. நிற்பது நாகரிகமில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனபோது ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. ஜெயபாரதி யாருடைய விரல் ரேகையையோ பதிந்துகொண்டிருந்தாள். அவளுடைய டம்ளர் கதவோரத்தில், தனியாக ஒரு முக்காலியில் இருந்தது. அவளோடு பஸ்ஸில் வந்தவர்கள் போலும், ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். எதிர்க்கடையிலும் கூட்டம் இருந்தது. அதெல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்ளும் கணக்கு.

அன்று பொழுது சாயும் நேரம் வசந்தகுமார் தன் கடையைப் பெருக்கினான். மூலையில் மூடி வைத்திருந்த தொட்டி காலில் தட்டியது. முதல் கழுவலின் தண்ணீர். மாவு அடியில் படிந்து, மேலே தெளிந்திருந்தது.

ஓதின தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்ற மாட்டார்கள். இதில் அது எவ்வளவு கலந்திருக்கும்? சில சொட்டு இருக்கலாம். சாக்கடையில் வீசினால் கேட்பார் இல்லை. சைத்தூன் பீவிக்கு இப்படி ஒரு தொட்டி இருப்பதே தெரியாது.

உள்ளே அம்மா தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தாள். அவன் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, பின்கட்டுக்குக் கொண்டுபோனான். கிணற்றுக்கு அந்தப் பக்கம், யாரும் நடக்காத வேலியோரத்தில், அம்மா சாமிக்குப் பூப்பறிக்கும் நந்தியாவட்டைச் செடி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அதன் வேரில் மெதுவாக, சிந்தாமல், கடைசிச் சொட்டு வரை ஊற்றினான்.

தனி அடுப்பில், தனிக் கரண்டியோடு கொதித்த அந்தச் சின்னச் சட்டி அவன் கண்முன் வந்தது.

மண் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.